பூச்சி இல்லாத கடி

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. போட்டதும் நான்தான், இருபத்திரண்டு வருஷமாக அதற்குக் காவல் நிற்பதும் நான்தான். பூச்சியைப் பிடித்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வீட்டுக்காரர் கண்ணுக்கு நேரே காட்டிய பிறகுதான் மருந்தடிப்போம். பூச்சி கிடைக்கவில்லை என்றால் மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவோம். "இருக்கும்னு நெனைக்கறேன்" என்று சொல்கிற ஆளை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. நினைக்கிறவர்கள் கவிதை எழுதப் போகட்டும்.

என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பூச்சியக்கா என்றால் தெரியும். என் தம்பி முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு மருந்தடிப்பான், பார்ப்பது என் வேலை. கடித்த இடத்தைக் காட்டினால் போதும். வரிசையாக மூன்று தடிப்பென்றால் மூட்டைப்பூச்சி, கணுக்காலோடு நின்றிருந்தால் நாய், பூனை மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி. எத்தனை நாளாகக் கடிக்கிறது, கட்டிலில் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள் என்பதுவரை சொல்லிவிடுவேன். அதன் பிறகு தேடினால் பூச்சி நான் சொன்ன இடத்திலேயே இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்கு.

விஷ மருந்து கையாளுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்ததில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கன்னாபின்னாவென்று பெருகியிருப்பது தெரிந்தது. ரத்தப் புற்றுநோய். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

"இது மெதுவாப் போற வகை. இப்போதைக்கு மருந்து வேணாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம்."

"பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு நான் என்ன டிவியா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பியைத் தவிர ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆனால் விஷயம் வெளியே போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அவ அடிக்கற மருந்தே அவளத் தின்னுடுச்சு, அதையா நம்ம வீட்ல அடிக்கறது" என்று கதவைச் சாத்துவார்கள். அதனால் வாயைத் தைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். உடம்பிலும் ஒரு குறை தெரியவில்லை. படியேறினால் தம்பிக்குத்தான் மூச்சு வாங்கும்.

இந்த வருஷம் மழை விட்டதும் கடி ஆரம்பித்தது. முதலில் இடது முன்கையில் மூன்று தடிப்பு, நூல் பிடித்த மாதிரி வரிசையாக. மறுநாள் அவை நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, நீர் கோத்துக் கொப்புளமாயின. அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை, தோலையே கழற்றி மாட்டிவிடலாமா என்று தோன்றும். ஒரு வாரத்தில் இரண்டு கைகள், இடுப்பு, தொடை என்று எங்கும் பரவிவிட்டது. உடைந்த கொப்புளம் கறுத்துத் தழும்பாவதற்குள் பக்கத்தில் புதிதாக இரண்டு கிளம்பும்.

மூட்டைப்பூச்சி. எனக்குச் சந்தேகமே வரவில்லை. பூச்சி பிடிக்கிறவள் வீட்டிலேயே பூச்சி என்பது கேலிக்கூத்துதான், ஆனால் ஊரெல்லாம் சுற்றுகிறவள் பையில் ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம். தம்பியும் நானும் வீட்டைத் தலைகீழாக்கினோம். மெத்தையின் தையலோரம், கட்டிலின் திருகாணிப் பள்ளங்கள், சுவிட்சுப் பெட்டிக்குப் பின்புறம், திரைச்சீலை மடிப்பு என்று ஒரு இண்டு இடுக்கு விடவில்லை. ஒரு பூச்சி இல்லை, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை, உரித்துப் போட்ட ஒரு தோல் இல்லை. கட்டில் கால்களுக்கு அடியில் வழுக்குக் கிண்ணம் வைத்தோம். ஏறப் பார்க்கிற பூச்சி அதில் விழுந்தால் வெளியே வர முடியாது. காலையில் எழுந்து பார்த்தால் கிண்ணம் நாலும் காலி, என் கையில் புதிதாக ஐந்து.

"அக்கா, கிண்ணத்துல ஒண்ணுகூட இல்லையே" என்றான் தம்பி.

"அப்ப வெளியேருந்து வந்து கடிச்சிட்டுத் திரும்பிப் போகுது. சுவர் வழியா வருது, மேல இருந்து விழுது."

"எங்கேருந்து?"

நான் குளியலறைக் குழாய் இறங்குகிற ஓட்டையைக் காட்டினேன். அது நேராகக் கீழ்வீட்டுக்குப் போகிறது. கிண்ணம் தப்புச் சொல்லலாம், என் தோல் தப்புச் சொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

கீழ்வீட்டில் இருப்பது ஒரு தையல்காரம்மா. நாற்பத்தைந்து வயசிருக்கும், தனி ஆள். முன்னறைதான் கடை. ஒரு மிஷின், வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி, தலையில்லாத ஒரு பொம்மை. நாலா பக்கத்திலிருந்தும் துணி வந்து குவிகிற இடம். என் கணக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கே கதவைத் தட்டினேன்.

"என் வீட்லயா? எங்கக்கா இருக்கு?" என்றாள் அவள்.

"இருக்கு. யாரோ குடுத்த துணியோட வந்திருக்கும்."

"நீங்க எல்லா வீட்லயும் புட்டியில புடிச்சுக் காட்டிட்டுத்தானே மருந்தடிப்பீங்க? எனக்கும் காட்டுங்க."

சரியான கேள்வி. என் சட்டத்தையே எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, கொப்புளம் பூத்த கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதோ புட்டி" என்றேன்.

அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கையைப் பார்த்த எவரும் பின்வாங்குவார்கள். அது எனக்கு அப்போது வெற்றியாகத் தெரிந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆள், நோட்டீஸ் ஒட்டச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறவர். பூச்சியக்காவே சொன்ன பிறகு கேட்கவா வேண்டும். முதல் மாடி தையல் வீட்டில் மூட்டைப்பூச்சி, எச்சரிக்கை என்று லிஃப்ட்டுக்குள் கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டார். நானும் தம்பியும் அவள் வீட்டில் இரண்டு தடவை மருந்தடித்தோம். அவள் சோபாவைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டோம். வாடிக்கையாளர் துணியையெல்லாம் கறுப்பு உறைகளில் கட்டி வைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, பாதி வெட்டிய பட்டுத் துணியைத் துண்டு துண்டாகவே வாங்கிக்கொண்டு போனாள். தையல்காரம்மா துண்டுகளை எண்ணி மடித்துக் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பூச்சி வளர்த்தது அவள்தானே என்று அதைத் தள்ளிவிட்டேன்.

கடி நிற்கவில்லை. அடுத்த மூன்று மாதப் பரிசோதனைக்கு முழுக்கைச் சட்டையோடு போனேன். டாக்டரம்மா கழுத்தில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும்போது மணிக்கட்டில் ஒரு கொப்புளம் எட்டிப் பார்த்துவிட்டது.

"இது எத்தனை நாளா?"

"மூட்டைப்பூச்சி. அது என் டிபார்ட்மென்ட், நீங்க உங்க வேலையப் பாருங்க."

"பூச்சியப் பாத்தீங்களா?"

இன்னொருத்தியும் அதையே கேட்கிறாள் என்று எரிச்சல் வந்தது. அவள் என் எரிச்சலைச் சட்டை செய்யவில்லை. தோல் டாக்டரிடம் அனுப்பி, தொடையிலிருந்து பயறளவு தோலை வெட்டியெடுத்துப் பார்க்க வைத்தாள். பத்து நாள் கழித்துத் தம்பியோடு போனேன்.

"பூச்சி இல்ல" என்றாள். "உங்க ரத்தத்துல இருக்கற நோயாலதான் இது. இந்த வகைப் புற்றுநோய் இருக்கறவங்கள்ல சிலருக்குத் தோல் இப்படி எகிறும். ஒரு கொசு கடிச்சாக்கூடக் கொப்புளமா வரும். சில பேருக்குக் கடியே இல்லாமலும் வரும். பாக்கறதுக்கு அச்சு அசல் பூச்சிக்கடி மாதிரியே இருக்கும்."

"அப்ப என்னைக் கடிச்சது யாரு?"

"யாரும் கடிக்காம இருந்திருக்கலாம்."

"நோய் முத்திடுச்சா?"

"அப்படி அர்த்தம் இல்ல. உங்க ரத்தம் போன தடவை எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. களிம்பு தரேன், மாத்திரை தரேன், அடங்கும். திரும்பவும் வரலாம். வந்தா என்கிட்ட வாங்க." அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். "இது வந்தவங்க சில பேரு மெத்தைய மாத்தி, வீட்டைக் கழுவி, எல்லாம் முடிச்சிட்டுத்தான் இங்க வருவாங்க. நீங்களும் வீட்டுக்கு மருந்தடிச்சீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். என் வீட்டுக்கு அடிக்கவில்லை. பூச்சி கிடைக்காததால் சட்டப்படி அடிக்கவில்லை. அடித்தது கீழ்வீட்டுக்கு.

வண்டியில் ஏறியதும் தம்பி இஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பயந்தால் இப்படித்தான், சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருப்பான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. பூச்சி இருந்துச்சு, அடிச்சோம், போயிடுச்சு. களிம்பு போட்டா உன் கையும் சரியாயிடும். ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"அவ மறப்பாளா?"

"அவளுக்கு எப்படித் தெரியும், பூச்சி இல்லைன்னு? யோசிச்சுப் பாரு. இப்ப நீ போய்ச் சொன்னா, பூச்சியக்கா கண்ணு தப்பாப் பாத்துச்சுன்னும் ஆகும், பூச்சியக்காவுக்குப் புத்துநோய்ன்னும் ஆகும். ஒண்ணு தெரிஞ்சாலே நம்ம பொழப்புல மண்ணு. ரெண்டும் தெரிஞ்சா?"

அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷமாக இந்த நோய்க்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இப்போது அது என் தோலில் ஏறி, என் கண்ணைக் கட்டி, என் வாயாலேயே ஒருத்தியின் வயிற்றில் அடித்திருக்கிறது. இதற்கு மேலும் அதற்கு இடம் கொடுத்தால் நான் எதற்கு மனுஷி என்று நடமாட வேண்டும்? என் ரத்தத்துக்குள் அது என்ன ஆட்டம் வேண்டுமானாலும் போடட்டும். என் பேரை வைத்து ஆட விட மாட்டேன்.

"வண்டிய எடுறா" என்றேன். "வீட்டுக்குப் போ. நேரா முதல் மாடிக்கு."

தையல்காரம்மா கதவைப் பாதி திறந்தாள். முன்பெல்லாம் அக்கா, உள்ள வாங்க என்பாள். அன்றைக்கு என்ன வேணும் என்றுதான் கேட்டாள். அறையில் எங்கள் மருந்து வாடை இன்னும் போகவில்லை. சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. மிஷின் மேல் போட்ட உறை போட்டபடியே கிடந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். புற்றுநோய் என்கிற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. ரத்தத்தில் ஒரு கோளாறு என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"இங்க பூச்சியே இல்ல, அப்படித்தானே?"

"இல்ல."

"எப்பவும் இருந்ததில்ல."

"இல்ல. சங்கத்துல சொல்லி அந்த நோட்டீஸ இன்னிக்கே கிழிக்க வைக்கறேன்."

"கிழிங்க. ஆனா அதனால எனக்கு என்ன? இந்தக் கட்டடத்துல எவன் என்கிட்ட துணி குடுத்தான்?" அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். "இதுல இருக்கறவங்கதான் என் சோறு. ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. இங்கயே உக்காந்து சொல்லுங்க, என் காதுல விழணும்."

நோட்டில் பக்கத்துக்கு ஒரு ஆள். பெயர், நம்பர், அதற்குக் கீழே தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். எண்ணினேன், முப்பத்தொன்று. தம்பி வாசலிலேயே நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைப் போகச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் ஒரு வங்கிக்காரி.

"நான் பூச்சியக்கா பேசறேன். தையல்காரம்மா வீட்ல பூச்சி இருக்குன்னு நான் சொன்னதாக் கேள்விப்பட்டிருப்பீங்க, அது இல்லைங்க. எனக்கு ஒரு நோய், அதனால தோல்ல கடி மாதிரி வந்திருக்கு."

"என்ன நோய்? ஒட்டுமா?"

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பக்கத்தில் தலையில்லாத பொம்மை. அந்தப் பொம்மைக்கு என்றால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

"ரத்தப் புற்றுநோய்" என்றேன். "ஒட்டாது."

அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்தாவது ஆளுக்குப் போன் போடும்போது வார்த்தை தடுக்காமல் வந்தது. பத்தாவது ஆளிடம் நானே முதலில் நோயைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வந்தேன். ஒரு பஸ் டிரைவரின் பெண்டாட்டி "ஐயோ பாவமே" என்று இழுக்க ஆரம்பித்தாள். "பாவமெல்லாம் வேணாம், பீரோவுல தைக்காத துணி இருந்தா எடுத்துக்கிட்டு வா" என்றேன். ஒட்டுமா என்று கேட்ட இன்னொருத்தரிடம், ஒட்டுவதாக இருந்தால் என் தட்டிலேயே பாதி தின்கிற என் தம்பிக்குத்தான் முதலில் ஒட்டியிருக்கும் என்றேன். ஒரு கிழவர், உங்கள் மருந்தால்தான் வந்ததா என்று நான் பயந்த கேள்வியைக் கேட்டார். "யாருக்கும் தெரியாதுங்க. பயமா இருந்தா என்னைக் கூப்பிடாதீங்க. துணிய இங்க குடுங்க" என்றேன். கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும் பட்டுத் துணியை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் பட்டென்று வைத்தாள். தையல்காரம்மா அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

இரண்டு வருஷமாக நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்த வார்த்தை. முப்பத்தோரு தடவை சொன்னதில் அது மழுங்கிவிட்டது. எனக்குப் புற்றுநோய், எனக்குப் புற்றுநோய் என்று விலாசம் சொல்கிற மாதிரி சொன்னேன். எதற்கும் இனிமேல் பயப்பட வேண்டாம் என்று ஒரு திமிர் வந்தது. கடைசி ஆளிடம் பேசி முடித்து நோட்டை மூடி, அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் தருவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் நோட்டைத் தொடவில்லை.

"முப்பத்தோரு பேர்கிட்டயும் ரத்தம் பண்ணுச்சு, தோல் பண்ணுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா. டாக்டர் சொன்னதத்தானே சொன்னேன்."

"என் கதவ வந்து தட்டுனது உங்க ரத்தமா?"

நான் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டேன்.

"புட்டியக் காட்டுங்கன்னு உங்ககிட்டயே கேட்டேன். கைய நீட்டுனீங்க. உங்களுக்கு நோய் வந்தது உங்க தப்பில்ல. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பூச்சியப் பாக்காமலே இருக்குன்னு சொன்னது நோயில்ல. அது நீங்க."

அவள் குரல் உயரவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது, பதிலுக்கு என்னென்னவோ வந்தது. கட்டிலில் புரண்ட இரவுகள், உரிந்த தோல், ராத்திரியில் யாரும் இல்லாத வீடு, எல்லாவற்றையும் எடுத்து வீசலாம் போல இருந்தது. கிண்ணம் நாலும் காலியாக இருந்த காலையும் கூடவே வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கீழே இறங்கி வந்தேன். என் கண் தப்பாது என்று ஊர் சொன்னதை நானும் நம்பினேன். புற்றுநோயை முப்பத்தோரு தடவை சொன்ன வாய்க்கு இதை ஒரு தடவை சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது.

"தப்பு என் மேலதான்" என்றேன். "பூச்சி இல்லைன்னு கிண்ணம் சொல்லுச்சு. நான்தான் கேக்கல. என் பேரக் காப்பாத்திக்க உன் பேரக் கெடுத்தேன்."

அவள் தலையாட்டினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டை என் பக்கமாகவே திரும்பத் தள்ளினாள்.

முதல் பக்கத்தைத் திறந்து, வங்கிக்காரியின் நம்பரை மறுபடி அழுத்தினேன்.

"என்னக்கா, இப்பத்தானே எல்லாம் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"பாதிதாம்மா சொன்னேன்" என்றேன். "மிச்சத்தக் கேளு."